சொல்லிக்கொண்டு போகிறவள்

செங்கோட்டையனின் பனியன் கம்பெனியில் வேலையை விட்டுப் போகிறேன் என்று யாரும் வந்து சொன்னதே கிடையாது. தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். திரும்பி வரமாட்டார்கள், அவ்வளவுதான். அதற்காகவே எல்லோருக்கும் ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைத்திருப்பார். போனவர்களும் அதைக் கேட்டு வருவதில்லை.

அப்படிப்பட்ட இடத்தில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், ஓவர்லாக் தைக்கும் அனுசுயா வந்து நின்றாள். "இந்தத் தீபாவளியோட நின்னுக்கிறேன் மொதலாளி. எங்க வீட்டுக்காரருக்கு ஓசூர்ல வேலை கெடச்சிருக்கு."

மனிதருக்குச் சுருக்கென்றது. நாலு வருடமாகச் சொந்தப் பிள்ளைபோல நினைத்திருந்தவள், முகத்துக்கு நேராகப் போகிறேன் என்கிறாளே! சொல்லாமல் ஓடியவர்கள் மேல்கூட அவருக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. ஆனால் கத்திப் பேசிப் பழக்கமில்லை. "சரிங்க கண்ணு" என்றார். மறுநாளிலிருந்து அவள் மெஷினுக்குத் துணிக்கட்டு போகாமல் பார்த்துக்கொண்டார். அங்கே பீஸுக்குத்தான் கூலி. துணி வராவிட்டால் கூலியும் இல்லை. ரெண்டு நாளில் தானாகக் கிளம்பிவிடுவாள் என்று மனக்கணக்குப் போட்டார் பெரிய மனிதர்.

அவள் கிளம்பவில்லை. காலையில் வந்து மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மெஷின் சுப்புலட்சுமி மனசு கேளாமல் தன் துணிக்கட்டில் பாதியை அவள் பக்கம் நகர்த்தினாள். "அது உன் கூலி அக்கா, எனக்கு வேண்டாம்" என்று அனுசுயா திருப்பி வைத்தாள். ஆபீஸ் கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்த செங்கோட்டையனுக்கு டீ இறங்கவில்லை. இருந்தாலும் வீம்பு விடவில்லை.

சனிக்கிழமை சம்பளத்துக்கு அவளும் வரிசையில் வந்தாள்.

"தைக்காம கூலி எப்படீங்க கண்ணு?"

"நான் வந்தேன்ல மொதலாளி. துணி குடுக்காதது நீங்க. நிக்கிற நாள் வரைக்கும் உள்ள கூலியும், பிடிச்சு வச்ச வாரமும் எனக்குச் சேர வேண்டியதுதான். அதை நம்பித்தான் ஓசூர்ல வீட்டுக்கு அட்வான்ஸ் தர்றோம்னு சொல்லியிருக்கோம்." குரல் உயரவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது.

"போனஸ வாங்கீட்டு எல்லாரு மாதிரியும் கமுக்கமா போயிருக்கலாமுல்லீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"போயிருக்கலாம். ஆனா ஒவ்வொரு தீபாவளி கழிச்சும், ஆளு வராத மெஷின் பக்கம் வந்து வந்து நிப்பீங்களே. அதைப் பாத்திருக்கேன். நானும் அப்படிச் செய்ய மனசு வரல. முன்னாடியே சொன்னா வேற ஆளு பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

தான் அப்படி நிற்பதை ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்பதே செங்கோட்டையனுக்குப் புதிது. அவளையா பட்டினி போடப் பார்த்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கணக்குப் பார்க்கும் சதீஷ்குமாரைக் கூப்பிட்டு, அவள் வழக்கமாகத் தைக்கும் அளவுக்கே இந்த வாரத்துக்கும் கூலி போடச் சொன்னார். திங்கட்கிழமை துணிக்கட்டை அவரே தூக்கிப் போய் அவள் மெஷினில் வைத்தார்.

கடைசி நாள் வந்தது. பிடித்த வாரமும் போனஸும் பைசா குறையாமல் வாங்கிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு அனுசுயா கிளம்பினாள். செங்கோட்டையனும் கேட் வரைக்கும் கூடவே நடந்தார். அங்கே போய் என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தார். எத்தனையோ பேர் அவரை விட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரையும் அவர் வழியனுப்பியதில்லை.

"பத்தரமா போயிட்டு வா கண்ணு" என்றார்.