பேட்டைப் போட்டுவிட்டு ஓடிய பையன்

கஸ்தூரிக்கு நாற்பத்தாறு வயது. டப்பிங்கில் மட்டும் எப்போதும் பத்து; அதுவும் பையன். பெரிய பெண்ணின் குரலை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அந்த முறை நூம்பலில், சுவரெல்லாம் மெத்தை அடித்த ஒரு மாடி அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கார்ட்டூன் படம். பேஸ்பால் பைத்தியம் பிடித்த சிறுவன் ஒருவன், தன் அபிமான ஆட்டக்காரரின் தொலைந்துபோன கையுறையைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். கையுறையும் பேசும். குடும்பப் படம் என்றால் பேசக் கூடாத ஏதாவது ஒன்று பேசியாக வேண்டுமே.

வசனம் எழுதிய பூபாலன் மகா மேதை. நம் ஜனங்களுக்கு பேஸ்பால் புரியாது என்று ஆட்டத்தையே கிரிக்கெட்டாக மாற்றியிருந்தார். வசனத்தில் மட்டும்.

"சார், ஸ்டம்பே காணோமே?" என்றாள் கஸ்தூரி.

"கேமராவுக்குப் பின்னால கீதும்மா. நீ பேசு."

"அடிச்சதும் பேட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஓடறானே?"

"கொயந்தப் பையன். கை நோவாதா?"

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு என்ன கேட்பது? பேசினாள். கடைசிக் காட்சியில் பந்து கூட்டத்தைத் தாண்டிப் பறந்தது. தாளில் இருந்தது ஒரே சொல்: "சிக்சர்!" பையனோ மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"வாய் இன்னும் ஆடுதே சார், என்ன பேசட்டும்?"

"இன்னா வேணா பேசு. ஏசி மூணு மணிக்கு ஆஃப் பண்ணிருவாங்க."

கஸ்தூரி மூச்சை இழுத்துப் பேசினாள். "யம்மா! சோறு போட்டு வையி, ஊட்டுக்கு வந்துகினே கீறேன்!"

படம் அம்பத்தூருக்கு வந்ததும் புருஷன் அப்பாவுவோடு போனாள். தியேட்டர் நிறையப் பிள்ளைகள். அத்தனை பேரும் அம்பயர்கள். "டேய், இவன் எப்பவோ அவுட்டுடா!" என்று பின்வரிசை தீர்ப்புச் சொன்னது. "அந்த ஊர்ல ரூல்ஸ் வேற" என்று, ரூல்ஸ் புத்தகத்தைத் தானே அச்சடித்தவர்போல ஒரு அப்பா விளக்கினார்.

ஆனால் சோற்று வசனம் வந்ததும் கூரை பிய்ந்தது. விசில், கைத்தட்டல். முன்வரிசையில் இருந்த பூபாலன் எழுந்து திரும்பி, நாலா பக்கமும் கும்பிட்டார்.

அப்பாவுவுக்குப் பொறுக்கவில்லை. "உன் வசனம்டி அது. போய்ச் சொல்லு."

"சொன்னா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்." என்றாள் கஸ்தூரி.

பெயர்ப் பட்டியல் ஓடியது. கதவுகள் திறந்து பாதிக் கூட்டம் வெளியேறிவிட்டது. 'வசனம்: பூபாலன்' திரையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு வெகு கீழே, எறும்பு எழுத்தில்: 'சிறுவன் குரல்: மாஸ்டர் கஸ்தூரி.'

"மாஸ்டரா! நான் போய்க் கேக்கறேன்" என்று அப்பாவு எழுந்தார்.

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, அந்தப் பையன் குரலிலேயே சொன்னாள்: "வுடுங்க அங்கிள்!"

முன் இருக்கைச் சிறுமி சட்டென்று திரும்பினாள். கஸ்தூரியைப் பார்த்தாள், அப்பாவுவைப் பார்த்தாள். பிறகு, "யம்மா, அந்தப் பையன் இங்கதான் எங்கியோ கீறான்!" என்று குனிந்து இருக்கைகளுக்கு அடியில் தேட ஆரம்பித்தாள்.