முதல் பக்கத்தில் குடியிருந்தவர்

காலை நேரத்தின் கடைசி நோயாளி பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியேறியதும், பல் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பின்னறைக்குப் போய் பியானோவின் மூடியைத் திறந்தார். சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் சாப்பாடு, தூக்கம், வாசிப்பு மூன்றும் முடிந்தாக வேண்டும். தூக்கத்தை அவர் கலைக்காகத் தியாகம் செய்திருந்தார், சாப்பாட்டைச் செய்யவில்லை. மிஞ்சியது ஒரு குட்டி மதியம். ஜன்னலின் பால்கண்ணாடி வழியே வெளிச்சம் கரைந்து இறங்கும். கிராம்பு எண்ணெயின் வாசனை கதவிடுக்கில் புகுந்து அவர் காலடியில் படுத்துக்கொள்ளும்.

அந்த நேரத்துக்குள் இரண்டைப் பழக வேண்டும் என்பது பியானோ டீச்சரின் ஏற்பாடு. ஒன்று, பல பாகங்களாக நீளும் சொனாட்டா என்ற பதினெட்டுப் பக்க இசைக்கோவை. மற்றது ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் தாலாட்டு. டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். "பாதி நேரம் சின்னதுக்குக் குடுங்க சார். மீதியில பெருசுல நாலே வரி, அதுவும் கடைசிப் பக்கத்துலேர்ந்து" என்று சொல்லியிருந்தாள். டாக்டர் தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குச் செலவில்லாத காரியம்.

தாலாட்டைத் தொடுவதே அவருக்குக் கௌரவக் குறைச்சல். பெரியதைப் பற்றியோ ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருக்கிறவர்கள் நல்ல ரசிகர்கள். குறுக்கே பேச மாட்டார்கள். "பதினெட்டுப் பக்கம். வலிக்குதா? அதுல ரெண்டாவது பாகம் இருக்கு பாருங்க..." என்பார். "ஆ" என்பார்கள். அதை வியப்பு என்றே எடுத்துக்கொண்டார். டீச்சரின் மாணவர்கள் மேடையேறும் ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்களில் பாதிப் பேரை அழைத்தும் விட்டார்.

ஒரே சிக்கல், தினமும் அவர் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்தின் நடுவில் இடது கை பாசியில் கால் வைத்ததுபோல் வழுக்கும். உடனே, வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டவர் மாதிரி, திரும்பி வந்துவிடுவார். மறுபடி முதல் பக்கம். அது அத்தனை அழகாக வரும். மிச்சப் பக்கங்கள் எங்கோ தாமாகவே ஒலித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். கண் செருகும். நீண்ட வீடு ஒன்று தெரியும். அறைக்குள் அறை, ஒவ்வொன்றிலும் திரைச்சீலை மெல்ல எழும்பி அடங்கும். கடைசி அறையில் யாரோ வாசிக்கிறார்கள். அது தானேதான் என்று அவருக்குத் தெரியும். முகம் மட்டும் திரும்பாது. விழிக்கும்போது வாசல் மணி அடித்துக்கொண்டிருக்கும். கன்னம் வீங்கிய யாரோ.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் மனைவி டீ டம்ளரை பியானோவின் மேல், வைக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஏங்க, நாளன்னிக்கு இதுதானே?"

"பின்னே?"

"இல்ல, இத்தனை மாசமா கேக்குறேன். இதுக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. பிரமாதமா இருக்கும்."

"யாரு சொன்னா?"

அவர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முன்பல்லை மட்டும் தேய்ச்சுட்டு வந்து உக்காந்திருக்கீங்களேன்னு வர்றவங்களை எல்லாம் காய்ச்சுறீங்க" என்றாள் அவள். "கடவாயை யாரு எட்டிப் பாக்கப் போறாங்கன்னு அவங்களும் நினைச்சிருப்பாங்க இல்ல, பாவம்."

சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் சிரிக்காமல் போய்விட்டாள்.

வீம்புக்கென்றே அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே ஒரு சுரத்துக்கும் அவரைத் தெரியவில்லை. அழைக்காத வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நிற்பவர்போல விரல்கள் நின்றன. வெகு நேரம் கழித்துத் தாலாட்டை எடுத்து வைத்தார். அந்த மதியமும் மறுநாள் மதியமும் அதோடுதான் கழிந்தன. ஒரே பக்கம், ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

சனிக்கிழமை டீச்சரை போனில் அழைத்தார்.

"டீச்சர், நாளைக்கு ஒரு மாற்றம். சின்னதையே வாசிச்சுடறேன்."

"சந்தோஷம் சார். குரல் ஏன் இப்படி இருக்கு?"

"பயமா இருக்கு."

"பெருசுக்கு நீங்க பயப்படவே இல்லையே."

"அதை வாசிச்சிருந்தாத்தானே டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் அவருக்கு முன்னால் வாசித்தது, தரைக்குக் கால் எட்டாத ஒரு பெண் குழந்தை. அவர் நாற்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்தார். நோயாளிகள் இரண்டு வரிசை நிறைய வந்திருந்தார்கள். பதினெட்டுப் பக்கத்துக்கான தயாரிப்பு தெரிந்தது. ஒருவர் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார், இன்னொருவர் முன்னெச்சரிக்கையாகக் கழிப்பறைக்குப் போய் வந்தார். டாக்டர் வாசித்தார். நடுவில் ஒரு விரல் தயங்கியது. திரும்பிப் போகாமல் மேலே நடந்தது. முடிந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. இனிமேல்தான் ஆரம்பம் என்று எண்ணி இன்னும் வசதியாகச் சாய்ந்தார்கள். எழுந்து ஒரு கும்பிடு போட்டால் போதும், புரிந்துவிடும். ஆனால் அவருடைய கால், சுரத்தை அடங்கவிடாமல் பிடித்துவைக்கும் பெடலை மிதித்தபடியே இருந்தது. பெட்டிக்குள் கடைசிச் சுரம் மெலிந்துகொண்டே போனது, நூலாக, நூலின் நிழலாக. ஓரத்து நாற்காலியில் மனைவி கண்களை மூடியிருந்தாள். அவர் காலை எடுக்கவில்லை.