புடலங்காய்க்குக் கட்டிய கல்

அருட்பிரகாசத்தாருக்கு மனம் ஆறுவதற்கு மூன்று மாதத் தவணை கிடைத்திருந்தது. அறுபது வயதில் பஸ் ஓட்டுநருக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது பிரஷர் நூற்றுத் தொண்ணூறு காட்டிவிட்டது. பிரஷர் இறங்கும்வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்றார்கள். கிளினிக்கில் ஒரு நர்ஸ் பிரஷர் பார்க்கும் மெசினைக் கையில் கொடுத்து, வீட்டுத் தோட்டம் செய்தால் மனம் அமைதியாகும் என்று புத்தியும் சொல்லியனுப்பினாள். இருபத்தொரு வருடம் ஓட்டிய மனிதர். பஸ் இல்லாவிட்டால் தான் யாரென்று அவருக்கே தெரியாது. ஆகவே, அமைதியாகியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த கோலியர்ஸ் வுட் வீட்டின் பின்வளவில் ஐந்து புடலங் கன்றுகளை நடுவதென்று தீர்மானமாயிற்று. குனிந்தால் பிரஷர் ஏறும் என்று அவர் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். ஆகவே, குனிகிற வேலைகளை மனைவி டொலறஸ் செய்தாள். ஏணியில் ஏறினாலும் ஏறுமாம். பந்தலையும் அவளே போட்டாள். முதியோர் இல்லத்தில் விடியற்காலை ஷிப்ட் முடித்து பகல் மூன்று மணிக்கு வருவாள்; கோட்டைக் கழற்றிவிட்டு வாளியைத் தூக்குவாள். மழை விட்ட பின்னேரங்களில் இலைகளில் இருந்து நத்தை பொறுக்குவாள். அருட்பிரகாசத்தார் பந்தலடியில் கதிரை போட்டு, தேத்தண்ணியோடு அமர்ந்து தோட்டம் செய்தார்.

காய் பிடித்தது. புடலங்காய் சுருளாமல் நேராக இறங்க நுனியில் கல் கட்ட வேண்டும். அந்த விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு.

"டொலறஸ், அந்தக் கல்லுக் காணாது. பெரிசாப் பாத்துக் கட்டும்."

டொலறஸ் பெரிதாகப் பார்த்துக் கட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கன்று கொடுத்த சூசைதாசன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, தோட்டம் செய்து ஆளே மாறிப்போனியள்!"

"ஓம் தம்பி. மண்ணைத் தொட்டா மனம் தன்ரபாட்டில ஆறும்."

டொலறஸ் தன் நகத்திலிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவணையின் கடைசிநாள் வந்தது. கதிரையில் இருந்தபடியே பிரஷர் பார்த்தார். நூற்று இருபத்தாறு. அவருக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் கூடுதலாக வந்தது. இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்கிற மெசின் பழுதாகத்தான் இருக்க வேண்டும்.

"டொலறஸ், இஞ்ச ஒருக்கா வாரும். மெசின் சரியோ எண்டு பாப்பம்."

"கறி அடுப்பில கிடக்கு."

"ஒரு நிமிசந்தானே."

வந்தாள். வெங்காயக் கையை நீட்டினாள். மெசின் இறுக்கி, பெருமூச்சு விட்டு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றது.

"பாத்தீரோ, பழுது!" என்று பட்டியைத் தன் கையில் சுற்றினார். நூற்று இருபத்தாறு. மறுபடி அவளுக்குச் சுற்றினார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

அருட்பிரகாசத்தார் பட்டியை மெல்லக் கழற்றினார். தன்னுடைய நூற்றுத் தொண்ணூறுக்கு அவர் இவ்வளவு பயந்ததில்லை. பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

"உமக்குத் தலையிடிக்கிறேல்லையே?"

"எனக்கு எப்ப இடிக்காமல் இருந்தது?" என்றாள் டொலறஸ். கறி அடிப்பிடிக்கப் போகிறதென்று உள்ளே போனாள்.

மறுநாள் இருவருமாகக் கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸ் அவருடைய கணக்கைப் பார்த்துக் கைகுலுக்கினாள். திங்கட்கிழமையே பஸ்ஸை எடுக்கலாம். டொலறஸுக்கு டொக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்தாள். பிறகு அதே கனிவோடு, வீட்டில் தோட்டம் இருக்கிறதா, தோட்டம் செய்தால் மனம் அமைதியாகும் என்றாள்.

டொலறஸ் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்துநான்கு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற அவருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் கதிரையை அவரே துடைத்துப் பந்தலடியில் போட்டார். தேத்தண்ணியும் அவரே போட்டார், சாயம் கூடிவிட்டது. டொலறஸ் அமர்ந்து குடித்தாள். அவர் குனிந்து நத்தை பொறுக்கினார். பிரஷர் ஏறியதாகத் தெரியவில்லை. முழங்கால்தான் நொந்தது.

டொலறஸ் காலை நீட்டி, பந்தலை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மூண்டாவது காய்க்குக் கல்லுக் காணாது. பெரிசாப் பாத்துக் கட்டுங்கோ."

அருட்பிரகாசத்தார் எழும்பிக் கல் தேடப் போனார்.