வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் முன்பே ஸுஹைறாவுக்கு நெஞ்சு நோ இடது தாடை வரை ஏறிவிட்டது. மூன்று நாளாக நெஞ்சுக்குள் கல்லை வைத்து அழுத்துவது போல இருந்ததை காஸ்ட்ரிக் என்று சொல்லி, இஞ்சித் தண்ணீர் குடித்துச் சமாளித்தவள் அவள். இன்று லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கக் குனிந்தவள் வேர்த்துக் கொட்டிக் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடப்பிறந்த காக்காவின் மகள் றிபாதான் தூக்கி ஏற்றிக்கொண்டு வந்தாள்.

ஈசிஜி தாளைப் பார்த்த இளம் டொக்டரின் முகம் மாறியது.

"ஹார்ட் அட்டாக். கெதியா மருந்து ஏத்தணும். வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்," றிபா முந்திக்கொண்டாள். "மாமிக்கு பிரஷர், சீனி ஒண்டும் இல்ல."

ஸுஹைறா கண்ணை மூடினாள். ஆறு வருடமாக ஒரு நாளும் தவறாமல் அவள் குளுசை மாத்திரை குடிக்கிறாள். மௌத்தாகிப்போன கணவரிடமிருந்து வந்த எச்.ஐ.வி. நோய்க்கு. வெளியூர் கிளினிக்குக்குப் போகும் நாளில் வீட்டில் சொல்வது, தையலுக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று. அங்கே உள்ள டொக்டர் போன தரமே சொன்னார்: "கிருமி அடங்கித்தான் கிடக்குது. ஆனா இந்த நோய் உள்ள ஆக்களுக்கு மாரடைப்பு வாறதுக்கு மத்தாக்கள விட ரெண்டு மடங்கு இடமிரிக்கி. நெஞ்சு நோ வந்தா பாத்துக்கிட்டு இரிக்காதீங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காக்காவின் வீட்டில்தான் சீவியம். வருகிற மாதம் றிபாவுக்குக் கலியாணம்; விஷயம் வெளியே வந்தால் அது நின்றுபோகும்.

"றிபா, கொஞ்சம் வெளிய நில்லு புள்ள."

"உங்கள இப்பிடி உட்டுட்டா? நான் போகமாட்டன்."

நர்ஸ் கையில் ஊசியைக் குத்தினாள். முதுகுக்குள் ஏதோ முறுக்கியது. டொக்டர் குனிந்து கேட்டார். "அம்மா, ஏதும் இருந்தா சொல்லுங்க. சில மருந்து ஒண்டோடொண்டு சேராது. தெரியாமக் குடுத்தா ஆபத்து."

மூச்சு பாதியில் நின்றது. இனியும் மறைத்தால் உயிர் தப்பாது.

"எச்.ஐ.வி.க்கு குளுசை குடிக்கிறன் டொக்டர். ஆறு வருசமா."

அவளுடைய கையைப் பிடித்திருந்த றிபாவின் விரல்கள் கழன்றன.

டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "நல்லகாலம் சொன்னீங்க. குளுசைட பேர்?"

பேர் வாயில் வரவில்லை. "வீட்ட தையல் மிஷின் லாச்சிக்குள்ள குளுசைப் போத்தல் இரிக்கி," என்றாள்.

றிபா வெளியே போனாள்.

இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஏறியது. வேறு குளுசைகளைப் போத்தலைப் பார்த்த பிறகுதான் தரலாம் என்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் அரை மணி, முக்கால் மணி நேரம் போனது. கதவு திறக்கும்போதெல்லாம் ஸுஹைறா தலையைத் திருப்பினாள். வேறு யாரோ வந்தார்கள். இனி வரமாட்டாள் என்று அவள் முடிவுகட்டிய நேரத்தில் றிபா மூச்சிரைக்க ஓடிவந்து, சால்வைக்குள் மறைத்திருந்த போத்தலை டொக்டரிடம் நீட்டினாள். பிறகு கட்டிலடிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மூணு நாள் மாமி! காஸ்ட்ரிக் எண்டு என்னையும் ஏமாத்தினீங்களே. மௌத்தாகியிருந்தா?"

"உன்ட கலியாணம்..."

"அத நான் பாத்துக்குவன். வாப்பாக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. அது நீங்கதான் சொல்லணும்."

அடுத்த நாள் காலை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்ஸ் வந்தபோது ஸுஹைறா தன் வாயாலேயே காக்காவிடம் சொன்னாள். அவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அம்புலன்ஸ் கதவை மூடப்போன நேரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, அவளுடைய தலைமாட்டில் உட்கார்ந்தார்.