இரண்டாவது அடுப்பு

"ஒரு அடுப்புக்கு ஒரு உதவித்தொகை" என்று சட்டத்தைத் திருத்தினாலும் திருத்தினார்கள், மூத்தவளுக்குக் கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. அண்ணன் தம்பிகளைக் கட்டிய ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில் ஒரே உலையில் பொங்கித் தின்றவர்கள். புருஷன்மார் கட்டட வேலைக்கு வெளியூர் போனவர்கள், வந்தால்தான் உண்டு. இரண்டு தொகையில் ஒன்று நின்றால் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அதனால் அறையின் நடுவே பழைய போர்வையைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் இளையவளுக்கென்று ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. எல்லாம் பேருக்குத்தான்.

"சும்மா எரியறதுக்கு எண்ணெய் தெண்டமா? கதவு தட்டினா பத்த வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டாள் மூத்தவள். சமையல் அவள் அடுப்பில், கரண்டி அவள் கையில்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே? எதிர்வீட்டுத் தையல்காரிக்குப் போன மாதம் தொகை நின்றுபோனது. தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனம் கெட வேண்டும் என்கிற ரகம் அவள், நம்மையும் போட்டுக்கொடுப்பாள் என்று மூத்தவள் முடிவுகட்டினாள். அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை. ஜன்னலையே சாத்திவிட்டாள்.

"பாவம்கா அவங்க" என்றாள் இளையவள்.

"உனக்கு வெளுத்ததெல்லாம் பால்."

ஒருநாள் காலை, மூத்தவள் குழாயடியில் வரிசை நின்று தண்ணீரோடு திரும்பி, இளையவள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வேலைக்குப் போகக் கிளம்பிய சற்று நேரத்தில், திறந்திருந்த கதவு வழியாகவே அதிகாரி உள்ளே வந்துவிட்டார். அடுப்பைத் தொட்டுப் பார்ப்பதால் தெருவில் அவருக்கு 'தொட்டுப்பார்' என்றே பெயர். தீப்பெட்டியைத் தேடக்கூட மூத்தவளுக்கு நேரமில்லை.

"போர்வைக்கு அந்தப் பக்கம் யாருங்கம்மா?"

"என் ஓரகத்திங்க. தனியாத்தான் பொங்குறா."

அவர் போர்வையை விலக்கி அடுப்பின் மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கே!"

பக்கத்தில் எண்ணெய் பளபளக்கும் சட்டி. காகிதத்தில் மடித்து மறைத்த முட்டை ஓடுகள்.

"முக்கால்வாசி வீட்டுல நடிக்கிறாங்கம்மா. உங்க வீட்டுல நெஜமாவே தனிக்குடித்தனம்" என்று சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"யாரு சொல்லி வந்தீங்க சார்?"

"யாரும் சொல்லல. வரிசையா எல்லா வீட்டுக்கும் போறேன்."

அவர் போனதும் மூத்தவள் அந்தச் சட்டியைக் கையில் எடுத்தாள். கூட இருந்தே குழிபறித்தாளே! என்ன குறை வைத்தேன்?

கேட்ட வாயைச் சட்டென்று மூடிக்கொண்டாள். அகப்பை பிடிப்பவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்பார்கள். குழம்பைத் தன் பிள்ளைகளுக்கு அடியிலிருந்து கெட்டியாகவும், இளையவள் பிள்ளைகளுக்கு மேலாகத் தெளிவாகவும் ஊற்றியது இந்தக் கைதான். ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"வந்தாங்க. ரெண்டு குடும்பம்னு எழுதிட்டுப் போனாங்க."

இளையவள் நிமிரவில்லை. மூத்தவள் கரண்டியை அடிவரை விட்டு, கெட்டியாக அள்ளி, முதலில் இளையவளின் மகள் தட்டுக்குக் கொண்டுபோனாள்.

இளையவள் தட்டின் மேல் கையை விரித்தாள்.

"வேணாம்கா. அவ சாப்பிட்டுட்டா."