எட்டு மாத இரத்தம்

"கையை விடுங்கோ!" என்று கொறற்றி டொக்டர் ஹெல்விக்கின் கையை உதறினாள். தமிழில்தான் சொன்னாள், விளங்கினால் விளங்கட்டும். ஜெர்மனியின் வுப்பர்டால் சேமக்காலையில் அவள் புருஷன் ஞானப்பிரகாசத்தின் பெட்டி குழிக்குள் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த மனுசி காகிதத்தோடு வந்து நிற்கிறாள்.

ஆறு வருடமாக மாதம் தவறாமல் அவனிடம் இரத்தம் எடுத்தவர்கள் இவளுடைய ஆட்கள். உடம்பே தன் இரத்தக் குழாய்களை அரிக்கிற அபூர்வ வியாதி. அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும். கிளம்பப்போவதை இரத்தத்தில் முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி என்றார்கள். கண்டுபிடித்துக் கிழித்தார்கள், அது கிளம்பித்தான் அவன் செத்தான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்திருப்பார்கள் என்றே அவள் நம்பினாள்.

"என்னவாம்?" என்று புருஷனின் தம்பி றெஜினோல்டைக் கேட்டாள். ஜெர்மன் சரளமாகத் தெரிந்தவன் அவன்தான்.

"கவலையாம், அண்ணி."

"இவ்வளவு நேரம் கதைச்சது முழுக்கக் கவலையோ?"

டொக்டர் காகிதத்தை விரித்தாள். ஞானப்பிரகாசத்தின் இரத்தக் கணக்கு. வருடக்கணக்காக ஏறியிறங்கிய கோடு கடைசி எட்டு மாதமும் தட்டையாகக் கிடந்தது. கடைசிப் புள்ளி போன வெள்ளிக்கிழமை. "கெசுண்ட்," என்றாள் டொக்டர். சுகதேகி. அந்தச் சொல் கொறற்றிக்கும் தெரியும்.

"வேறை என்ன சொல்லுறா?"

"இந்தக் கணக்கை நம்பி மருந்தைக் குறைச்ச ஆக்கள் இன்னும் நாப்பது பேர் இருக்கினமாம். எங்கை பிழைச்சதெண்டு தெரியேல்லையாம்."

டொக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனாள்.

எட்டு மாதம். அவனுக்குப் புது வேலை கிடைத்தது அப்போதுதான். இரத்தத்தில் எண் ஏறி, மருந்தைக் கூட்டிப் படுக்கையில் போட்டதால்தான் பழைய வேலை போனது. குடும்ப டொக்டரை மாற்றியதும் அதே மாதம். அங்கே எடுக்கிற இரத்தம் தபாலில் ஆராய்ச்சிக்குப் போகும். அங்கே அவன் முகம் யாருக்கும் தெரியாது, காட்டுகிற காப்புறுதி அட்டையில் இருப்பதும் பழைய மங்கல் படம்.

றெஜினோல்ட் மண் பட்ட கையைக் கழுவக் குழாயடிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்தான். கொறற்றி பின்னால் போய் நின்றாள். அவன் முழங்கை மடிப்பில் ஊசி குத்திய நீலக் கன்றல், ஓரம் மஞ்சளாகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை அவர் வேலையிலை நிண்டவர், தம்பி."

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

"அண்ணைதான் தன்ரை பேரிலை இரத்தம் குடுக்கச் சொல்லிக் கெஞ்சினவர். இந்த வேலையும் போனா ஏலாது எண்டு…"

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. குழிக்குள் கிடப்பவனையும் எழுப்பி அறைய வேண்டும் போலிருந்தது. குழாயைப் பூட்டினாள். அவனுடைய சட்டைக் கையை இறக்கிப் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

வாசலில் டொக்டர் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "நாப்பது பேர் இருக்கினம், வா," என்று கொறற்றி றெஜினோல்டின் ஈரமான மணிக்கட்டைப் பிடித்தபடி அந்தப் பக்கம் நடந்தாள்.