பக்கத்துக் கல்

"அங்க மட்டும் துடைக்காதீங்க அண்ணி."

கணவனின் அக்கா துணியோடு நிமிர்ந்து பார்த்தாள். கணவரின் உடலை எடுத்துப்போய், எல்லாம் முடித்துத் திரும்பியாகிவிட்டது. கூடம் முழுக்க வந்துபோனவர்களின் கால்தடம். சமையலறை வாசலோரத்துத் தரைக்கல்லில் மட்டும் அவருடைய பென்சில் எழுத்து மிதிபடாமல் கிடந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு.

நேற்றுக் காலை அதைப் படித்துவிட்டு அவள் கணவரிடம் சிரித்திருந்தாள். "கூட்டினா அரையை விடக் குறையுமா? நல்ல வாத்தியார்தான் போங்க."

கணக்கு எழுதுவதே அவள் வேலை. ஆனாலும் மகளுக்கு அவள் பின்னம் சொல்லிக்கொடுத்த மாலைகளெல்லாம் அழுகையில்தான் முடிந்தன. டைல்ஸ் ஒட்டுகிற அவர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானே தப்பாகப் போட்டுவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து மகளிடம் நீட்டுவார். திருத்தியதும், "எப்படி டீச்சர்?" என்பார். மகள் விளக்குவாள்.

"சாயங்காலம் வந்து திருத்துறேம்பா, வேன் வந்துடுச்சு" என்று நேற்று ஓடியவள் மகள். மதியம், வேலைக்குப் போன இடத்தில், கல் ஒட்டிக்கொண்டிருந்த தரையிலேயே அவர் சரிந்துவிட்டார்.

அதெல்லாம் வேண்டுமென்றே போட்ட தப்பா, நிஜமாகவே தெரியாதா? அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மீசைக்குள் சிரித்திருப்பார். பதில்கூட வேண்டாம், அந்தச் சிரிப்பு போதும் என்றிருந்தது.

மகள் அவருடைய பென்சிலோடு வந்து கல்லருகே உட்கார்ந்தாள்.

"நீ சொல்லிடாதம்மா."

"சொல்லல."

விடை அவள் நாக்கு நுனியில் நின்றது. மகள் விரல்களை மடக்கினாள், பிரித்தாள், மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். வாசலில் யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆறில் ஐந்து. பக்கத்துக் கல்லில் எழுதினாள்.

"அப்பா போட்டதை அழிச்சிடலாமா கண்ணு?" என்றாள் அத்தை.

"அது இருக்கட்டும் அத்தை."

எழுதி முடித்தும் மகள் எழுந்திருக்கவில்லை. எதிரே, காலியாக இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வாளியை நகர்த்திவிட்டு, அவர் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எப்படி..." என்றாள்.

மகள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். அப்பாவின் கல்லில் விரல் வைத்து, அங்கிருந்து சொல்லத் தொடங்கினாள்.